வாளை பிடித்த முருங்கைப் பலகை

சண்டை முடிந்து வந்த முதல் பொங்கலுக்கு, 1946 ஜனவரியில், விக்கிரமங்கலம் போய் வந்தேன். மாமனார் ஊர்தான். ஆனால் போனது பொங்கலுக்காக இல்லை, என் வாய்க்கொழுப்பால் வந்த ஒரு சபதத்துக்காக. மூன்று வருஷத்துக்கு முன் தலை தீபாவளிக்குப் போனபோது, "உங்க ஏரி வாளை மீன நான் பிடிச்சுக் காட்டுறேன்" என்று சவடால் விட்டேன். பகலெல்லாம் தூண்டிலோடு காய்ந்து வெறுங்கையோடு திரும்பினால், என் மனைவி செல்லத்தின் அண்ணன் நடேசன் என் மீன்கூடையில் ஒரு கட்டுக் கருவாட்டை வைத்துக் கூடத்தின் நடுவே இறக்கி வைத்திருந்தார். வீடே சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த ஏரியில் என் கையால் வாளை பிடிக்கும்வரை அந்த வீட்டில் மீனைத் தொடமாட்டேன் என்று இலையை மூடி எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு போன மூன்று முறையும் எல்லோர் இலையிலும் மீன் குழம்பு, என் இலையில் கத்திரிக்காய்.

இந்தத் தடவை என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. எங்கள் ஆபீஸ் துரை மீன் பைத்தியம். படகு போகும் பாதையில் மீன் நிற்காது, தூண்டிலைப் பக்கவாட்டில் தள்ளிக் கொண்டுபோக ஒரு பலகை வேண்டும் என்று சொல்லி, காகிதத்தில் வரைந்தே கொடுத்தார். ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம், முனையைச் சாய்வாகச் சீவியிருக்கும். நெட்டுக்குத்தாக நிற்பதற்கு அடி விளிம்பில் ஈயம். கயிற்றில் கட்டி இழுத்தால், காற்றாடி மேலே ஏறுவதைப் போல இது பக்கத்தில் விலகி ஓடும். மிதக்கிற மாதிரி நன்றாக உலர்ந்த, லேசான கல்யாண முருங்கையில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று செய்து வைக்கும்படி ஊர் ஆசாரிக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிட்டேன்.

திருச்சியில் காலை 6.20க்கு ரயில். மூன்றாம் வகுப்பு பதினாலு அணா. அரியலூரில் இறங்கியபோது 8.35. அங்கிருந்து, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் கரிவாயு பஸ்ஸில் ஏழு மைல், ஆறணா. வழியில் ஒரு மேட்டில் பஸ் மூச்சுவாங்கி நின்றது. "சார், கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க, அடுப்பு இன்னும் சூடாவல" என்றார் டிரைவர். காசும் கொடுத்துத் தள்ளவும் வேண்டுமா என்று கேட்டேன். "தள்ளாட்டி காசு வேஸ்ட்டுங்களே" என்றார். தள்ளினேன். மீதி நாலு மைல் மாட்டு வண்டி, அரை ரூபாய். பகல் ஒன்றரைக்கு வீடு. செல்லம் முன்பே வந்துவிட்டிருந்தாள்.

போனதும் பலகையைக் கேட்டேன். ஆசாரி பட்டுத்துணி போர்த்திய தாம்பாளத்தில் கொண்டுவந்தார். வயிரம் பாய்ந்த தேக்கு, ஓரமெல்லாம் பித்தளைப் பட்டை, எண்ணெய் பூசி முகம் பார்க்கிற பளபளப்பு. கிணற்றடித் தொட்டியில் ஒன்றை விட்டேன். பித்தளையும் ஈயமும் இழுக்க, கல்லாய் அடியில் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றும் அதன் பின்னாலேயே போனது.

"முருங்கைன்னுதானே எழுதினேன்?"

"எழுதுனீங்க. மாப்ளைக்குப் போயி முருங்கைப் பலகையக் குடுத்தா ஊரு என்னையக் காறித் துப்பாதுங்களா?" என்றார் ஆசாரி. மாமனாரும் தலையாட்டினார். தேக்கு அவர் கொடுத்ததாம். நடேசன் மட்டும், "கருவாடு வாங்கி வச்சுரவா மாப்ளே?" என்றார்.

எனக்கு இருந்தது மறுநாள் ஒரு நாள்தான். அதற்கு அடுத்த நாள் ரயிலைப் பிடிக்க வேண்டும். வேலிக் கல்யாண முருங்கையை வெட்டலாம் என்றால், பச்சை மரம் தண்ணீர் கோத்துக்கொண்டு கனக்கும். தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அப்போது ஆசாரி, தேக்கில் உளி வைக்கும் முன் அளவு பார்க்க ஒரு மாதிரி செய்ததாகவும், அது பட்டறையில் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகக் கிடப்பதாகவும் சொன்னார். ஓடினேன். அசல் கல்யாண முருங்கை, காய்ந்து தக்கையாக இருந்தது. ஒன்றுதான், அதுவும் இடப்பக்கத்துப் பலகை. ஈயத்தை நானே அறைந்தேன்.

காலை ஏழு மணிக்குத் தோணியில் ஏறினோம். கழி போட்டவர் நடேசன். பலகை இடப்பக்கம் ஓடுவதால், தாமரைக் கொடி ஓரம் எப்போதும் எங்களுக்கு இடப்புறம் வருகிற மாதிரி ஏரியைச் சுற்றினோம். விரலளவு உயிர்க் கெண்டையை முதுகுத் துடுப்புக்குக் கீழே லேசாகக் கோத்து, தூண்டில் நூலைப் பலகையோடு ஒற்றைத் தையல் நூலால் முடிந்தேன். மீன் இழுத்தால் தையல் நூல் அறும். பிறகு மீனுக்கும் எனக்கும் நடுவே பலகை கிடையாது. விட்டதும் பலகை நாற்பது முழம் விலகிப் போய் எங்களோடு கூடவே வந்தது. நடேசன் கழி போடுவதையே மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. எடுத்துப் பார்த்தால் கெண்டை செத்திருந்தது. வேகம்தான் காரணம். "பொண்ணழைப்புக்குப் போற மாதிரி போங்க மச்சான், மெதுவா" என்றேன். கெண்டையை மாற்றினோம். 10.40க்குப் பலகை ஒரு துள்ளு துள்ளியது. தையல் நூல் அறுந்தது. தூண்டில் மூங்கில் வில்லாய் வளைய, நூல் கொடியை நோக்கிப் பறந்தது.

"விட்டுராதீங்க மாப்ளே! விட்டுராதீங்க!" கருவாட்டுக்காரர்தான் கத்தினார். கழியைப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்துக் கொடிக்கும் மீனுக்கும் நடுவே போய் நின்றார். இருபது நிமிஷம் கழித்து அவரே செவுளில் கைவிட்டுத் தூக்கினார். வாளை! எடை நாலு வீசைக்குக் குறையாது. நான் ஏரி முழுக்கக் கேட்கும்படி கூவினேன். வெட்கமே இல்லை.

இந்தப் பக்கம் தூண்டிலோடு வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. தையும் மாசியும் நல்ல காலம், ஏரியில் தண்ணீர் இருக்கும். பலகையைச் செய்யச் சொல்லிவிட்டு வராதீர்கள், செய்து எடுத்துக்கொண்டு வாருங்கள். மாப்பிள்ளையாக இருந்தால் கட்டாயம். கயிற்றை முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் கட்டுங்கள். ஒரே பலகைதான் என்றால், அதைத் தலைகீழாகப் புரட்டி ஈயத்தை மறு விளிம்பில் அடித்தால் வலப்பக்கம் ஓடும், எனக்கு இது ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது. கெண்டை போட்டு வைத்த பானையின் தண்ணீரை மணிக்கொரு தரம் மாற்றாவிட்டால் அது உயிரோடு தங்காது. பஸ்ஸுக்குப் பழைய வேட்டி போதும்.

மதியம் ஒன்றரைக்கு இலை போட்டார்கள். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்பது அந்த வீட்டு வழக்கம். நடேசனே எனக்குக் குழம்பு ஊற்றினார். முதல் துண்டைப் பிட்டு வாயில் வைக்கப்போன நேரம், என்னோடு நேரில் பேசாத மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து மகனிடம் சொன்னார்:

"மாப்ளைய வெரசா சாப்புடச் சொல்லுப்பா. மூணு வருசமா செல்லமும் இந்த வூட்டுல மீனத் தொடலை. அவரு சாப்புடாததை நான் சாப்புட மாட்டேன்னுட்டா. இப்ப சட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கா."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் வீம்புக்கு அவள் தன் தாய் வீட்டில் பட்டினி கிடந்திருக்கிறாள், நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. துண்டை இலையில் வைத்துவிட்டு, "அவளுக்கும் இப்பவே எலை போடுங்க, இங்கயே" என்றேன். மாமனார் தொண்டையைச் செருமினார். பிறகு தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

செல்லம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், "முள்ளு பாத்துச் சாப்புடுங்க" என்றாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அவள் ஐந்து.