ஏலக்காய் விழுந்த சூப்

மருமகள் கொண்டுவந்து வைத்த கிண்ணத்திலிருந்து எலுமிச்சை மணம்தான் முதலில் வந்தது. அடுத்து மிளகு, அதற்கும் பின்னால் கோழி. எட்டிப் பார்த்தேன். கேரட்டும் பீன்ஸும் பொடிப்பொடியாக மிதந்தன. நடுவே சங்கு சங்காக மாக்கரோணி. "சளிக்கு நல்லது மாமா, சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சூப் ஆறியே போய்விட்டது. கிழவருக்கு வாய் கசக்கிறது போல என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நான் முதன்முதலில் பார்த்த மாக்கரோணி சங்கு மாதிரி இல்லை, குழாய் மாதிரி இருந்தது. ஒரு தகர டின்னில் வந்தது. அந்த டின் ஒரு வெள்ளைக்காரத் துரையின் அலமாரியிலிருந்து வந்தது.

அப்போது நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் ரைட்டர், அதாவது ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவன். போர்க்காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடியும் ரயில் வந்த புதுசு. ஸ்டோர் என்றதும் பலசரக்குக் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர். வெளியே விறகு எரியும். அந்தச் சூடு பெரிய தகரக் குழாய்களின் வழியே உள்ளே ஓடும். மேலே தட்டுத் தட்டாகக் காய் காயும். கதவைத் திறந்தால் மணம் முகத்தில் அறையும். முதல் வாரம் சொர்க்கம் போலத் தோன்றும். அப்புறம் அது இருப்பதே தெரியாது. நமக்குத் தெரியாதே தவிர, நம் மேலேயேதான் இருக்கும். பஸ்சில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர், "மலையில சோலியா அண்ணே?" என்று நாம் வாயைத் திறக்கும் முன்னே கேட்டுவிடுவார்.

துரை கப்பலேறியதும் எஸ்டேட்டைப் போடி முதலாளி ஒருவர் வாங்கினார். பங்களா அலமாரியில் மிஞ்சிக் கிடந்ததை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். கம்பவுண்டருக்கு நல்ல குடை கிடைத்தது. எனக்கு அந்த டின். யோகம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைந்துவிடுகிறதா என்ன.

அந்தச் சமயத்தில்தான் பவுனுத்தாயைக் கல்யாணம் முடித்து மேலே கூட்டிவந்தேன். மலைக்குக் கீழே இருக்கிற சிலமலைக்காரி. என் அம்மாவின் தம்பி மகள். கம்பும் சோளமும் விளைகிற காட்டில் வெயிலோடு வெயிலாக வளர்ந்தவள். வந்த மறுநாள் டின்னைத் திறந்து பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, குட்டை குட்டையாக, காய்ந்த குழாய்கள்.

"வத்தலுதேன் மச்சான். துரைமாரும் நம்மளப்போல வத்தல் திம்பாக போலருக்கு" என்றாள்.

எண்ணெயைக் காயவைத்துப் போட்டாள். வத்தல் என்றால் போட்டவுடன் பூரிக்க வேண்டும். இது பூரிக்கவில்லை. சிவந்தது, அவ்வளவுதான். பருப்புக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள இலையோரத்தில் வைத்தாள். புதுப் பெண்டாட்டி பொரித்தது. கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தேன், கூழாங்கல் உடைகிற சத்தம் கேட்டது. "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "மொறுமொறுன்னு இருக்கு" என்றேன். அவளும் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். போட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதைப் போல ஒரு பார்வையை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். பாதி டின் மிஞ்சியது. அடுப்புக்கு மேல் பலகையில் ஏற்றிவைத்தோம்.

ஐப்பசி மழையில் அவளுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கிப் போடும். கம்பவுண்டர் கொய்னா மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கினார். காய்ச்சல் இறங்கியது, ஆனால் சோறு இறங்கவில்லை. வாயருகே கொண்டுபோனாலே குமட்டினாள். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு என்னிடம் வெல்லம் கேட்டார்கள். அவர்கள் நினைத்த விசேஷம் இல்லை அது. ஒரு நாள் என் சட்டையைச் சுருட்டி வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டுச் சொன்னாள்.

"ஏலக்கா வாடை மச்சான். சோத்துல அடிக்குது, தண்ணியில அடிக்குது, தலகாணியில அடிக்குது. ஒங்க மேலயும் அடிக்குது. என்னால முடியல."

சொல்லிவிட்டு அழுதாள். ஏல மலைக்கு வாழ வந்தவளுக்கு ஏலக்காய் ஆகவில்லை என்றால் எங்கே போய் முறையிடுவது?

எப்படியோ சிலமலைக்குச் சேதி போய்விட்டது. ஒரு சாயங்காலம் லோடு ஏற்ற வந்த ஜீப்பிலிருந்து மாமனார் இறங்கினார். கையில் கூடை, அதற்குள் கால் கட்டிய ஒரு விடைக்கோழி. மகளைப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ளே, ஜீப்பு மத்தியானம் கெளம்புது. அதுக்குள்ள எம்மக ஒரு வாய் குடிச்சு, அது வயித்துல தங்குச்சுன்னா விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா கூட்டிட்டுப் போயிருவேன். இந்த மலைக்குப் பிள்ளையக் காவு குடுக்க என்னால ஆகாது."

அவர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. எனக்கு முன்னால் ரைட்டராக இருந்தவரின் மனைவி உடம்பு தேறி வருகிறேன் என்று கீழே போனவள்தான், திரும்ப ஏறவே இல்லை. மலைக்கும் ஊருக்குமாக அலைந்து அலைந்து அவர் கடைசியில் வேலையை விட்டார். மலைத் தண்ணீர் ஆகாது என்று ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் எந்தத் தகப்பன் மறுபடி அனுப்புவான்? உள்ளே போனால் பவுனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலக்கா வாடைன்னு எங்கய்யாகிட்டச் சொல்லிராதீங்க. சொன்னா இப்பவே தூக்கிட்டுப் போயிருவாரு."

அந்த நிலையிலும் அவள் இருக்கத்தான் ஆசைப்பட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது போல இருந்தது. நேரே வர்க்கிச் சேட்டனிடம் ஓடினேன்.

வர்க்கிச் சேட்டன் துரையின் சமையல்காரர். கோட்டயம் பக்கத்து ஆள். பெருமைக்காரர். தான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு ஒரு துரைசானி லண்டனுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததாகச் சொல்வார். புது முதலாளி சுத்த சைவம். பங்களா அடுப்படியில் கவிச்சியே கூடாது என்று சொல்லிவிட்டதால், ரசம் வைத்து ரசம் வைத்து மனிதர் நொந்து போயிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கண் பளபளத்தது.

"சாரே, புளிப்பு வேணும். நாரங்ஙா மணத்தில் ஏலம் நிக்கில்லா. ஞான் நோக்காம்" என்றார். நாரங்ஙா என்றால் அவர் பாஷையில் எலுமிச்சை. அந்த மணத்துக்கு முன்னால் ஏலக்காய் வாடை நிற்காதாம்.

என் வீட்டுக் கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினோம். வீட்டுப் பாத்திரத்தில் ஒன்றையும் அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, ஏலக்காய் வாடை என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் பவுனுவின் சீர்ப் பெட்டியில் வைக்கோல் சுற்றியபடி கிடந்த, ஈயம் பூசிய பித்தளைப் பானையை எடுத்தோம். அது சிலமலையை விட்டு வந்தபிறகு வெளிச்சத்தையே பார்த்திருக்கவில்லை. என் இரண்டு கையையும் எலுமிச்சைத் தோலால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது.

கோழியை எலும்போடு துண்டு போட்டு, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, விறகை இழுத்துவிட்டு மெதுவாகக் கொதிக்கவிட்டார். துரை பங்களாத் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன கேரட், பீன்ஸ், அப்புறம் மல்லித்தழை போலவே இருந்தாலும் மல்லி இல்லாத ஒரு தழை, எல்லாம் வந்தன. மலை ஆரஞ்சின் தோலை வெள்ளை படாமல் சீவி இரண்டு துண்டு போட்டார். பலகையிலிருந்து டின்னை எடுத்தேன். உள்ளே இருந்ததை அவர் பானையில் கொட்டினார். கொதிக்கிற தண்ணீரில் அந்தக் கூழாங்கற்கள் மெல்ல மெல்ல உப்பி, குட்டி வாழைத்தண்டு போலப் புரண்டன. நான் வத்தல் கதையைச் சொன்னேன். சேட்டன் சிரித்துச் சிரித்துப் புகையில் இருமினார். தள்ளி உட்கார்ந்திருந்த மாமனார் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனது.

"எலுமிச்சை எறக்கினபிறகுதான் பிழியணும். அடுப்பில் பிழிஞ்ஞால் கய்க்கும்" என்றார் சேட்டன். பழம் பறிக்க நாங்கள் இருவரும் பங்களா பக்கம் போனோம். "தீயைக் கொஞ்சம் பாத்துக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டுக்கு யார் வந்தாலும் கை நிறைய நல்ல ஏலக்காய் கொடுத்து வரவேற்பது மலையில் வழக்கம். கீழே வெற்றிலை பாக்கு கொடுப்பது மாதிரி. முதல்நாள் மாமனாருக்கும் நானே கொடுத்திருந்தேன். அதை வேட்டி மடியில் முடிந்து வைத்திருந்தார். சிலமலையில் ஏலக்காய் என்பது பொங்கலுக்கும் கல்யாணப் பாயசத்துக்கும் ஒன்றோ இரண்டோ விழுகிற சாமான். அதையும் தோலோடு சேர்த்து இடிப்பார்கள், வீணாகக் கூடாதென்று.

நாங்கள் திரும்பி வரும்போதே தெரிந்துவிட்டது. கொல்லைப் படலைத் தாண்டும் முன்பே மூக்கில் ஏறியது. மாமனார் அம்மிக் குழவியைக் கழுவிக்கொண்டிருந்தார். மடி முடிச்சு அவிழ்ந்து தொங்கியது.

"மணமா இருந்தாத்தான பிள்ளைக்கு எறங்கும்னு கைநெறையாத் தட்டிப் போட்டேன் மாப்ளே. இவ்வளவு வெளையிற எடத்துல இருந்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு போட்டா நல்லாவா இருக்கும்?"

சேட்டன் கையிலிருந்த பழங்களைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேறு கோழி இல்லை. வேறு டின்னும் இல்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில் ஜீப்பில் மூட்டை ஏற்றுகிற சத்தம் கேட்டது. மாமனாரைப் பார்த்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்து நின்றார்.

எலுமிச்சையை எல்லாம் பிழிந்தோம். கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப் போனேன். பின்னாலேயே அவரும் வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தார். பவுனுவுக்கு ஆவி பட்டதும் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் அவள் அப்பாவைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை என் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால், முகத்தைத் துடைப்பதுபோல அந்தக் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"அய்யாதேன் ஏலக்கா போட்டேன் தாயி. மணக்குதா?"

"மணக்குதுய்யா."

கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "காரம்" என்றாள். போர்வைக்குள் அவள் இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

மாமனார் நெடுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஆரன் அடித்தார்கள். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி ஆத்தா, நான் வர்றேன். பொங்கலுக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு ஒற்றை ஆளாகப் போய் ஏறினார். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மாமனாரைக் கட்டிக்கொள்கிற வழக்கமெல்லாம் எங்களிடம் ஏது?

ஜீப்பு வளைவு திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"சட்டி எதுக்கு? அதெல்லாம் தங்கிருச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அடியில வத்தல் கெடந்தா கழுவிட்டுக் கொண்டாங்க. இப்ப மெத்துனு இருக்கு" என்றாள்.

நாலைந்து வருஷம் கழித்துப் போடிக்கு இறங்கி நானே சின்னதாக ஏலக்காய் வியாபாரம் ஆரம்பித்தேன். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் எப்போதும் ஒரு எலுமிச்சை மூடி இருக்கும். கடையிலிருந்து வந்ததும் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் நடைக்குள் கால் வைக்க வேண்டும். ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் இருக்காது. வந்த விருந்தாளிகள் என்னைக் கஞ்சன் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் சிலமலைக்குப் போனால் கதை வேறு. மகளுக்குப் பிடிக்கும் என்று மாமனார் எல்லாவற்றிலும் தட்டிப் போடச் சொல்வார். மோரில்கூட. "மணக்குதா தாயி?" என்பார். "மணக்குதுய்யா" என்று ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடிப்பாள். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அவருக்கு அது தெரியாது.

இன்றைக்கு அந்த ஸ்டோர் இல்லை. பங்களா இருந்த இடத்தில் விடுதி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. வர்க்கிச் சேட்டன் கோட்டயம் போனவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. பவுனு போய் இந்தத் தையோடு வருஷம் திரும்பிவிட்டது.

ஆறிய சூப்பைப் பார்த்துவிட்டு மருமகள் எடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் சூடாகப் பாலோடு வந்தாள். டம்ளர் கைக்கு வரும் முன்பே மணம் வந்துவிட்டது.

"ரெண்டு ஏலக்கா தட்டிப் போட்டேன். மணக்குதா மாமா?"

"மணக்குதும்மா" என்றேன்.

முழுவதும் குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு, கையைக் கழுவலாம் என்று கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் என் கை தன் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தது. கல்லில் ஒன்றும் இல்லை.