உள்ளே விடச் சொன்ன துணி

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. மாஸ்டர் என்றால் அவர்தான். கடை என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெரிய ரெடிமேட் கடையின் மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடம். அவசரப்பட்டு நிமிர்ந்தால் தலையில் நங்கென்று இடிக்கும். இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஓர் ஓவர்லாக் மெஷின், இஸ்திரிப் பெட்டி, பட்டனும் கொக்கியும் தைக்கிற அவருடைய மனைவிக்கு ஒரு முக்காலி. வாசலில் பலகை: 'புதுத் துணி தைப்பதில்லை. பிடிப்பது, பிரிப்பது, குறைப்பது, ஒட்டுப் போடுவது மட்டும்.'

புதுசு தைக்காதவன் என்ன தையற்காரன் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மேலே வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் நீளம், மீதிப் பேருக்கு இடுப்பு பற்றாது. சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று, மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இவரிடம்தான் வந்தாக வேண்டும். மாஸ்டருக்குக் கை ஓய்ந்ததே இல்லை. வாய் அதைவிட ஓய்ந்ததில்லை.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. ஆள் தெருவைத் தாண்டி வரும்போதே இடுப்பளவு சொல்லிவிடுவார். கழுத்தில் டேப் தொங்குவதெல்லாம் சும்மா அலங்காரத்துக்கு. "சார், அந்தப் பேண்ட்டைப் பையிலிருந்து எடுக்கவே வேணாம். உங்களுக்கு ஏறாது. அப்படியே மேல போய் மாத்திட்டு வாங்க" என்பார். மாற்றிக்கொண்டு வந்தால் கச்சிதமாக இருக்கும். சொன்னதெல்லாம் சரியாகவே இருந்துவிட்டால் மனுஷனுக்குத் தன் கண்மேல் எவ்வளவு நம்பிக்கை வரும்! மாஸ்டருக்கு அது மண்டைக்கே ஏறியிருந்தது.

கண்டக்டர் அவருடைய பழைய வாடிக்கை. மாஸ்டர் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அவருக்கு வேலை. ஆள் தொந்தியும் தொப்பையுமாக இருந்த காலத்தில் அடிக்கடி சீருடைப் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"மாஸ்டர், பிரிச்சு விடுங்க. வயிறு எனக்கு முன்னாடி வண்டியில ஏறுது."

"வயித்துக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுங்க கண்டக்டர்."

"போட்டேனே. பாஸ் வச்சிருக்கேங்குது."

கடையே சிரிக்கும். ஊசியை வாயில் வைத்திருக்கும்போது மட்டும் சிரிக்க மாட்டேன் என்று சபதம் செய்திருந்த மாஸ்டரின் மனைவியும் சிரித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட மனிதர் கொஞ்ச நாளாக வரவில்லை. பஸ்ஸிலும் வேறு ஆள். ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், பெரிய வியாதி என்றும், பெரிய ஆபரேஷன் என்றும் காதில் விழுந்தது. பிறகு ஒரு நாள் காலையில் கடை வாசலில் நிழலாடியது. மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். இடுப்பளவு சொல்லும் அந்தக் கண்ணுக்கு ஆள் யாரென்றே தெரியவில்லை.

"என்ன மாஸ்டர், டிக்கெட் எடுத்தாச்சா?" என்ற பிறகுதான் தெரிந்தது.

சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. கையில் இரண்டு சீருடைப் பேண்ட்டுகள், சாம்பல் நிறம்.

"டெப்போவுல உட்கார்ற வேலை போட்டுக் கொடுத்திருக்காங்க. சீருடை இல்லாம உள்ள விட மாட்டாங்க. இது இடுப்புல நிக்கல, பிடிச்சுக் கொடுங்க. ஆனா ஒண்ணு, துணியை வெட்டிடாதீங்க. எவ்வளவு இருந்தாலும் அப்படியே உள்ள விட்டுத் தைங்க. லீவுல இருந்ததால இந்த வருஷத்துச் சீருடைத் துணியும் எனக்கு வரல. நான் திரும்ப வண்டி ஏறுவேன். அப்போ இதைத்தான் பிரிக்கணும்."

"உங்களுக்கு நான் வெட்டுவேனா கண்டக்டர்?" என்றார் மாஸ்டர். கேட்கும்போது வெட்டுகிற எண்ணம் அவருக்கு இல்லைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேண்ட்டின் பின்பக்கத்தைப் பிரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, புதுத் தையல் ஓட்டிப் பார்த்தால், உள்ளே கை கொள்ளாத துணி நின்றது. அத்தனையையும் மடித்து வைத்தால் பின்பக்கம் பொட்டலம் கட்டினாற்போலத் துருத்தும். மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. கத்தரியை எடுத்தார்.

"ஏங்க, வெட்ட வேணாம்னுதானே அவர் சொன்னாரு?" என்றாள் மனைவி.

"சொன்னாரு. இதைப் போட்டுக்கிட்டு உட்கார முடியுமா? ஊர் சிரிக்கும்."

"திரும்ப வருவேன்னாரே."

மாஸ்டர் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆளைப் பாத்தல்ல? அந்த உடம்புல இனிமே எங்க சதை ஏறப்போகுது? என் கண்ணு தப்பாது. இருக்கிற வரைக்கும் நல்லபடியா போட்டுட்டுப் போகட்டும், பாவம்."

பாவமாம்! என்ன பெரிய மனசு! வெட்டிய ஓரத்தை ஓவர்லாக்கில் கொடுத்தார். அந்த மெஷினுக்குள் ஒரு கத்தி உண்டு. மிச்சம் மீதி நூல் பிசிறைக்கூட விடாமல் தின்றுவிடும். இரண்டு பேண்ட்டும் உள்ளே வழவழவென்று முடிந்தன. துண்டுத் துணிகள் வழக்கம்போல சைக்கிள் கடைக்கு எண்ணெய் துடைக்கப் போயின. கண்டக்டர் வந்து, போட்டுப் பார்த்து, "அடடா, மாப்பிள்ளை மாதிரி இருக்கேனே" என்று சொல்லிவிட்டுப் போனார். தைத்த பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவர் யார்? நம்பித்தானே கொடுக்கிறோம்.

மாஸ்டரும் அதை மறந்து போனார்.

வெயில் காலம் போய் மழைக்காலம் வந்து, ஒரு மத்தியானம், இஸ்திரிப் பெட்டியை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்த மாஸ்டரின் காதில் விழுந்தது:

"மாஸ்டர்! வயிறு வந்துடுச்சு! பின்னாடியே நானும் வந்துட்டேன்!"

கண்டக்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பழைய தொந்தி முழுசாக இல்லை. ஆனால் கன்னம் திரும்பியிருந்தது, குரல் திரும்பியிருந்தது. தோளில் அந்த இரண்டு பேண்ட்டும் கிடந்தன. "டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு. நாளைக்கு வண்டி ஏறுறேன். பிரிச்சு விடுங்க. அன்னைக்குச் சொன்னேன்ல?"

சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. ஒரு மனிதர் பிழைத்து வந்து எதிரே நிற்கிறார். மாஸ்டருக்கோ, ஐயோ வந்துவிட்டாரே என்றிருந்தது. அப்படி நினைத்ததற்கே அவருக்கு உடம்பு கூசியது. மனைவியைப் பார்த்தார். அவள் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுத்துட்டுப் போங்க, நாளைக்கு..." என்று இழுத்தார்.

"நாளைக்கு விடியக்காலை டியூட்டி மாஸ்டர். நான் இங்கேயே நிக்கிறேன், நீங்க பிரிங்க."

வேறு வழியில்லை. பேண்ட்டை வாங்கி, திருப்பாமலே, மேலாகத் தடவிப் பார்ப்பதுபோல நடித்து, அந்த வாய் ஒரு பொய்யைச் சொன்னது. "துணி உள்ள இத்துப் போயிருக்கும் போல கண்டக்டர். பிரிச்சா கிழிஞ்சிடும்."

"இத்துப் போச்சா? சீருடைத் துணி சாமானியத்துல இத்துப் போகாதே" என்று கண்டக்டர் சர்வசாதாரணமாகக் கையை நீட்டிப் பேண்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பினார். இடுப்பிலிருந்து கீழே வரை விரலை ஓட்டினார். ஓவர்லாக் அடித்த ஒல்லி ஓரம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவதையும் திருப்பினார். அதிலும் அப்படியே.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் கொடுமை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"வெட்டிட்டீங்களா?"

"துருத்திக்கிட்டு நின்னுச்சு, அதான்..."

"திரும்ப வருவேன்னு சொன்னேனே மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் யாரென்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். கண்டுபிடித்துவிட்டார்.

"ஓகோ" என்றார் மெதுவாக. "டாக்டர்கூட அப்படிச் சொல்லல மாஸ்டர்."

திட்டியிருந்தால் தேவலை. பேண்ட்டை முகத்தில் வீசிவிட்டு எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாலும் தேவலை. அங்கேயும் ஒரு தையற்காரர் இருந்தார். கண்டக்டர் எங்கும் போகவில்லை. படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சரி, இப்போ என்ன பண்ணலாம்? நாளைக்கு எனக்குப் பேண்ட் வேணும்."

மாஸ்டர் தன் வாழ்நாளில் பேசாமல் வேலை செய்த ஒரே மத்தியானம் அதுதான். ஒட்டுப் போட்டாக வேண்டும். அந்தச் சாம்பல் நிறம் கடைத்தெருவில் கிடைக்காது. கால் அடிமடிப்பைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை எடுத்து, பின்பக்கத்தில் இடுப்புப் பட்டியிலிருந்து முக்கோணமாக வைத்துத் தைத்தார். வெயிலே படாமல் மடிப்புக்குள் கிடந்த துணி அது. பேண்ட் வெளுத்திருந்தது, ஒட்டு கறுகறுவென்று தெரிந்தது. எவ்வளவு இழுத்து இஸ்திரி போட்டாலும் நிறம் சேரவில்லை. மனைவி கொக்கியை மாற்றித் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகும் சொல்லவில்லை.

கண்டக்டர் போட்டுப் பார்த்தார். பின்பக்கம் அவருக்குத் தெரியாது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். போகும்போது வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தே போனார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கேட்பவர்களிடம் கதை விட்டார். எந்த டாக்டர் என்று மனைவிகூடக் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, குடையும் இல்லை, எதிரே வந்து நின்ற பஸ்ஸில் கூட்டம் அவரை உள்ளே தள்ளிவிட்டது.

கண்டக்டர் முன்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்ததால், அந்தக் கறுப்பு முக்கோணம் மாஸ்டரின் கண்ணுக்கு நேராக இருந்தது. மாஸ்டருக்கு மட்டுமா? பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நேராக. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஜன்னலோரம் இருந்த காய்கறிக்காரம்மா வாயை அடக்குகிற ரகம் இல்லை.

"என்ன கண்டக்டரே, பின்னாடி இவ்வளவு பெரிய ஒட்டு? எந்தப் புண்ணியவான் தச்சுக் கொடுத்தான்? அவன் கையில கட்டி முளைக்க!"

பஸ் சிரித்தது. கண்டக்டர் திரும்பினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்து நின்ற மாஸ்டர்மேல் அவர் பார்வை பட்டது. சொல்லட்டும், இத்தனை பேர் முன்னால் சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட மாஸ்டர் அந்த நிமிஷம் நினைத்தார்.

"தச்சவரைத் திட்டாதீங்கம்மா" என்றார் கண்டக்டர். "அவர் மேல தப்பில்ல. துணியை வெட்டிடுங்கன்னு நான்தான் சொன்னேன். இனிமே பிழைக்க மாட்டேன்னு நெனச்சேன்."

காய்கறிக்காரம்மா "அட கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நின்றது. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மாஸ்டர் கேட்காமலே அவருடைய நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். "உள்ள போங்க மாஸ்டர், மழை அடிக்குது" என்றார்.

அந்த டிக்கெட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. மாஸ்டர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.