தம்பியின் கயிற்றில் ஏறிய வரத்தன்

கப்பல் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அத்தனை தடவை சொல்லியிருக்கிறான் என் தம்பி. சரக்கு இல்லாத கப்பல் ஆடிக் கவிழாமல் இருக்க, அடியிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை ஏற்றிக்கொள்ளுமாம். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை வெளியே விடுமாம். பேலஸ்ட் தண்ணி என்று பெயர். அந்தப் பம்பையும் வால்வையும் பார்ப்பதுதான் அவன் வேலை. ஒரு நாட்டுத் தண்ணீரோடு அங்குள்ள பூச்சி, புழு, சிப்பிக் குஞ்சு எல்லாம் இன்னொரு நாட்டுக்குப் போய்விடும், அதனால் மெஷினில் சுத்தம் செய்துதான் விட வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பாடம் நடத்துவான். "ஏலே, சோறு ஆறுது. தின்னுட்டு கப்பல ஓட்டு" என்பேன்.

போன தடவை லீவில் வந்தவன், இனிக் கப்பலுக்குப் போகமாட்டேன் என்றான். அவனுடைய மகள் அவனைப் போனுக்குள் இருக்கும் ஆள் என்றே நினைத்திருந்தாள். நேரில் கண்டதும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதை அவனால் தாங்க முடியவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம், ஆறு கடலில் சேரும் பொழியில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கப் போவதாகச் சொன்னான். அவன் பெண்டாட்டி என்னைப்போல வாய்க்காரி இல்லை. ஒரு விளைச்சல் பார்ப்போம், தேறினால் இங்கேயே இருங்கள், இல்லாவிட்டால் கப்பல்தான் என்று முடித்துவிட்டாள்.

பாறையிலிருந்து சிப்பிக் குஞ்சைச் சுரண்டி எடுத்து, கயிற்றைச் சுற்றிப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, தண்ணீரில் தொங்கவிட வேண்டும். துணி மட்கிப்போவதற்குள் குஞ்சு கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பழைய துணி என்றுதான் கேட்டான். என் வீட்டுக்காரர் இடுப்பில் இருந்ததைத் தவிர மற்ற வேட்டியெல்லாம் பொழிக்குப் போனது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வேட்டி தேடிய மனிதரிடம், பொழியில் முங்கி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சில மாதங்களில் கயிறெல்லாம் தூண் பருமனுக்கு வந்துவிட்டது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் விளைச்சலை வேதக்கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் கடற்கரை வழக்கம். பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு கயிற்றை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வைத்தான். தம்பி பொருளை வேறு யாரும் கொண்டுபோவதா என்று, விட்டுக்கொடுக்காமல் கேட்டு நானே எடுத்தேன். வீட்டில் அவித்தால், ஐயோ, எங்கள் ஊர்ச் சிப்பி தவிட்டு நிறம், இதுவோ முக்கால்வாசி கருப்பு. உள்ளே சதை நகம் அளவுக்குத்தான் இருந்தது. தேங்காய் வறுத்தரைத்த குழம்பு வீண்.

மறுநாள் மீதிக் கயிறுகளை விலை பேசக் கேரளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நாலைந்தை உடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் காயலிலும் இதே தொல்லையாம், வெளியிலிருந்து வந்து குடியேறியவன் என்ற அர்த்தத்தில் வரத்தன் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கோ அமெரிக்கா பக்கத்துச் சிப்பி, கப்பல் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள், நம் சிப்பியின்மேல் ஏறி உட்கார்ந்து அதை வளரவிடாது என்றார். வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த ஆளுக்குத் தன் கயிற்றில் ஏறியது தெரியவில்லை. நான் விடுவேனா? "ஏலே, உனக்க கூட கப்பல்ல வந்த ஆளுதானே, அடையாளம் தெரியலியா?" என்றேன். அவன் கீழே கிடந்த கருப்பு ஓடு ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினான். மகள் அவன் மடியில் உட்கார்ந்து சிப்பி ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் கம்பெனிக்குப் போன் போட்டான். எங்கிருந்தோ வந்த சிப்பி பொழியில் குடும்பத்தோடு இருக்கிறது, இங்கே பிறந்தவன் பெட்டி கட்டுகிறான்.

போன வாரம் வீடியோ காலில் வந்தான். அவன் பெண்டாட்டி அடுப்படியில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். தண்ணீரை வெளியே விடுமுன் மெஷினை மறுபடியும் மறுபடியும் சரிபார்க்கிறானாம், கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்களாம். யாரும் பார்க்காத தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

"அந்தக் கரையிலயும் எவனாவது மகளுக்காக கயிறு கட்டியிருப்பாம்லா, அக்கா" என்றான்.

போனை அவன் மகள் கையில் கொடுத்தேன்.