அழிக்கச் சொன்ன பக்கம்

2007 கோடையில் என் ராத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிரசவத்துக்காக அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். எனக்கு இருபது வயது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன்.

உம்மாவுக்கு இலங்கையின் கிழக்குக் கரை. வாப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். குழந்தைக்குப் பத்து நாள் ஆனபோது, நாற்பதாம் நாளுக்கு உம்மா போனில் ஆள் சொல்லி வைப்பதைக் கேட்டேன். டெக்ஸாஸில், ஆலனில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமி, நியூ ஜெர்சிக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கும் வருவாராம்.

“எதுக்கு உம்மா அவங்க? முடி எறக்கவா?”

“முடி எறக்குறது வேற. பொம்புளப் புள்ளைக்கு சுன்னத்து செய்யணுமே. சும்மா ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான்.”

“எனக்கும் செஞ்சீங்களா?”

உம்மா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “எல்லாருக்கும்தான்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என் உடம்பில் நடந்த ஒன்றை, வெங்காயம் நறுக்கும் நேரத்தில் போகிற போக்கில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இணையத்தில் தேடினேன். பெண்ணுறுப்புச் சிதைப்பு பற்றி ஆங்கிலத்தில் நிறைய இருந்தது, எல்லாமே எங்கோ தூரத்து நாடுகளைப் பற்றி. தமிழில் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. அதனால் நானே ஒரு வலைப்பூ தொடங்கினேன். பெயர் போடவில்லை. எனக்கு நடந்ததை எழுதிவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: உங்கள் வீட்டில் நாற்பதாம் நாளில் என்ன செய்தார்கள்?

ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு டொராண்டோவிலிருந்து ஒருத்தி எழுதினாள்: “என் தங்கைக்கு நடந்தபோது கதவுக்கு வெளியே நின்றேன். அவள் அழுதது இன்னும் கேட்கிறது.” அடுத்து மெல்போர்னிலிருந்து: “இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். எனக்கே தெரியாது.” எல்லோரும் என் வயதுக்காரிகள். யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து அவற்றைப் படிக்கும்போது, என் பக்கம் ஒரு கூட்டமே நிற்பது போலிருந்தது.

வசையும் வந்தது. யாரோ பக்கத்தை மெயிலில் சுற்றுக்கு விட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் எழுதியிருந்த குடும்ப விவரங்களை வைத்து ஊகித்துவிட்ட பெரியம்மா, கொழும்பிலிருந்து உம்மாவைக் கூப்பிட்டு, “இது உன் வீட்டுப் புள்ள வேலையா?” என்று கேட்டுவிட்டார்.

“அத அழி,” என்றார் உம்மா. “மார்க்கத்த சந்தி சிரிக்க வைக்காத.”

“வாப்பா வீட்டுல ஒரு பொம்பளைக்கும் இது கிடையாது. அவங்க முஸ்லிம் இல்லையா?”

வாப்பா சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். எனக்கும் ராத்தாவுக்கும் இப்படி நடந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. “பொம்பளைங்க விஷயம்னு நான் எதுவும் கேட்டதில்லம்மா,” என்றார்.

“கேட்டிருக்கணும் வாப்பா.”

மறுநாள் பின்னூட்டங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து ராத்தாவிடம் கொடுத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே அத்தனையையும் படித்தாள். “எனக்குமா?” என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

வேண்டாம் என்று ராத்தா சொல்லியும் உம்மா அந்த மாமியை நிறுத்தவில்லை. நாற்பதாம் நாள் காலையில் அவர் ஒரு கைப்பையோடு வந்து சேர்ந்தார். பயங்கரமான ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஸ்வெட்டர் போட்ட, மூட்டு வலிக்காரப் பெண்மணி. குழந்தை இருந்த அறையின் வாசலில் நான் நின்றுகொண்டேன்.

“தள்ளு மகள். எத்தனை புள்ளைக்குச் செஞ்சிருக்கேன் தெரியுமா? ஒருத்திக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

“ஆச்சா இல்லையான்னு அந்தப் புள்ளைங்கள யாராவது கேட்டீங்களா?” என்றேன். “இந்த ஊர்ல இது குற்றம் ஆன்ட்டி. உள்ள போனீங்கன்னா நான் போலீஸ கூப்பிடுவேன்.”

“யாரப் பாத்துப் பேசுற!” என்று உம்மா கத்தினார். நான் வாசலை விட்டு நகரவில்லை.

எனக்குப் பின்னால் ராத்தாவின் குரல் கேட்டது. “மாமி, சாப்பிட்டுட்டுப் போங்க. என் புள்ளைய தர மாட்டேன்.”

அவர் பையைத் திறக்கவேயில்லை. பிரியாணி சாப்பிட்டார். வாப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டு வந்தார்.

உம்மா என்னோடு நான்கு மாதம் பேசவில்லை. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் அழைப்பு வந்தது, என்னைத் தவிர. 2009இல் படிப்பு முடிந்த வாரம், வலைப்பூவில் என் முழுப் பெயரையும் புகைப்படத்தையும் போட்டேன். உம்மா அதைப் பார்த்தார், இந்த முறை அழிக்கச் சொல்லவில்லை. இதுவரை அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.