உத்தரவு போட ஆளில்லாத ஐந்து கைகள்

மீன் காட்சிசாலையில் தொட்டி கழுவுகிறவருக்கு 'இழுவை' என்று பட்டப்பெயர். எது மக்கர் செய்தாலும் முதலில் இழுத்துத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு பீரோ கதவைக் கையோடு பெயர்த்தெடுத்த மனுஷன். அந்த வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

அன்று கழுவி முடித்த அவசரத்தில், தண்ணீர் உறிஞ்சும் குழாய்க்கு வலைமூடி மாட்ட மறந்துவிட்டார். போன மாதமும் இதே கூத்துதான். "இன்னொரு தடவை மறந்தா வீட்டுக்குப் போயிடு" என்று மேனேஜர் அப்போதே சொல்லியிருந்தார். இப்போது குழாய் வாயில் ஒரு நட்சத்திர மீன் இரண்டு கைகளை உள்ளே விட்டுச் சிக்கிக்கொண்டிருந்தது.

இழுவை ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். தண்ணீரை உறிஞ்சுவதும் மீன்களுக்குக் காற்று அடிப்பதும் அதே மோட்டார்தான். கொஞ்ச நேரத்தில் மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பதறிப்போய், கையை விட்டு இழுத்தார். அது இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது.

"விடுங்கண்ணே, கை பிஞ்சு வந்துடும்," என்று ஓடிவந்தார் மீன்களைப் பார்க்கும் டாக்டரம்மா.

"மத்ததெல்லாம் செத்துடுமேம்மா."

"இழுக்க இழுக்க இறுக்கிப் பிடிக்கும். அதுக்கு மூளையே கிடையாது. ஒவ்வொரு கைக்கும் தனி நரம்பு. நடுவுல ஒரு வளையம், சேதி கடத்தறதுக்கு மட்டும். உத்தரவு போட ஆளே இல்ல."

"எங்க வீடு மாதிரி," என்றார் இழுவை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா இரையாகக் கொடுத்த சிப்பிச் சதையை இழுவை தொட்டியின் மறுபக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய்க்கு வெளியே இருந்த நட்சத்திர மீனின் கைகளில் ஒன்று நுனியைத் தூக்கி மோப்பம் பிடித்து நகர்ந்தது. கல் தடுத்தது. நின்றுவிட்டது.

ஒரு குட்டி மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. இழுக்கத் துடித்த மறு கையை இழுவை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டார்.

பக்கத்துக் கை கல்லைச் சுற்றிக் கிளம்பியது. முதல் கை சண்டை பிடிக்காமல் அதன் பின்னால் போனது. குழாய்க்குள் இருந்தவையும் பிடியை விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

மூடியை மாட்டி மோட்டாரைப் போட்டார். சாய்ந்த மீன் நிமிர்வதற்குள் இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். "மூடி போடாதது யாரு?"

"நான்தான் சார்."

"எதாவது செத்துச்சா?"

"இல்ல சார்."

"நீ இழுக்கலயா?"

"முதல்ல இழுத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

மேனேஜர் நம்பாமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கைகளை எண்ணினார். ஐந்தும் இருந்தன.

"போ, மத்த தொட்டி மூடியெல்லாம் சரி பாரு. நாளைக்கு நேரத்தோட வா."