கறிக்கடை மீரான் குடித்த சூப்

என் முழங்கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார்கள். பாலக்கரையில் எங்கள் தெருமுனையிலேயே மீரானின் கறிக்கடை இருக்கிறது. ஆனாலும் போன வருஷம் மூன்று மாதம் எனக்கு ஒரு கால்கூடக் கிடைக்கவில்லை.

"சூப்புக்கா சார்? நம்ம தெருவுக்குக் கிடையாது" என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

காரணம் அவர் மகள் அல்ஷிஃபா. ஆறு வயது. கறி, முட்டை, பருப்பு எது சாப்பிட்டாலும் உடம்பில் சேரும் அம்மோனியாவை அவள் ஈரலால் அகற்ற முடியாது. பிறவிக் குறை. அது ஏறினால் மூளையைத் தாக்கும். கறிக்கடைக்காரர் மகள் ரசஞ்சோறும் மருந்துமாக வளர்ந்தாள்.

ஒருமுறை பக்கத்து வீட்டு சாரா பீவி, "புள்ள இப்படி மெலிஞ்சு கெடக்கே" என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணம் சூப்பை ஊட்டிவிட்டார். சாயங்காலமே வாந்தி, பிறகு மயக்கம். "நான் யாரும்மா?" என்று மீரான் கேட்கக் கேட்க, பெற்ற தகப்பனை அடையாளம் தெரியாமல் இரண்டு நாள் வெறித்துப் பார்த்தாள்.

சென்னையில் டாக்டர் சுபலட்சுமி ஒரு புது வழி சொன்னார். தானமாக வந்த ஈரலிலிருந்து செல்களைப் பிரித்து, குழாய் வழியாகப் பிள்ளையின் ஈரலுக்குள் செலுத்துவது.

முப்பது வருஷமாக ஆட்டு ஈரலை அறுக்கும் மீரானுக்கு நம்பிக்கை வரவில்லை. "தண்ணி மாதிரி ஊத்துனா ஒட்டுமா டாக்டர்?"

"எல்லாம் ஒட்டாதுங்க. ஒட்டுற வரைக்கும் லாபம். பின்னாடி ஈரலையே மாத்த வேண்டியும் வரலாம். இப்ப அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வேணும்."

செலுத்தினார்கள். மூன்று மாதம் பழைய பத்தியம்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் வந்தது வினை. ஆஸ்பத்திரியிலிருந்து யார் திரும்பினாலும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சூப் கொடுத்தனுப்புவார்கள். மறுத்தால் மனஸ்தாபம். மீரான் எங்களுக்குக் கால் விற்பதை நிறுத்தினார். வைத்தியம்தான் ஆகிவிட்டதே என்று சாரா பீவி மன்னார்புரம் கடைக்குப் போய் வாங்கி வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். வேறு வழியில்லாமல், சூப்போடு வந்த தூக்குவாளியையெல்லாம் மீரான் வாசலிலேயே மறித்து, நின்றபடி குடித்து, கழுவிக் கொடுத்தார். பிள்ளைக்கு வைத்தியம், ஆறு கிலோ ஏறியது அவருக்கு. "சட்டை பொத்தானே மாட்டலீங்க" என்று அவர் மனைவி ஹாஜிரா புலம்பினார்.

மூன்றாம் மாதம் ரத்தத்தில் அம்மோனியா நன்றாக இறங்கியிருந்தது. வாரம் ஒருநாள் ஒரு சின்னத் துண்டு கறி கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஒரே வெட்டில் தொடையைத் துண்டாக்கும் மனிதர், அந்த நகக்கண் அளவுத் துண்டை நறுக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். தெருக்காரர்கள் நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில் நின்றோம். அல்ஷிஃபா முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்று விழுங்கினாள்.

"இதையா அத்தா எல்லாரும் வரிசைல நின்னு வாங்குறாங்க?"

அன்று மீரான் கடை திறக்கவில்லை. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து அரைமணிக்கு ஒருதரம் கேட்டார்: "நான் யாரும்மா?"

"அத்தா."

"நான் யாரும்மா?"

ஆறாவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கறிக்கடை மீரான்! போங்கத்தா, ஹோம்வொர்க் இருக்கு."

மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் தாங்கவில்லை. மறுநாள் காலை, நான் கேட்காமலே என் வீட்டு வாசலில் நாலு ஆட்டுக்கால் இருந்தது.