மச்சான் காயில் பூச்சி இல்லை

சென்ற தீபாவளி விடுமுறையில் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் நடந்தது இது. அக்கா, மச்சான், என் மனைவி, பிள்ளைகள் என்று இரண்டு குடும்பமாகப் போயிருந்தோம். நகைச்சுவைப் படம். வெளிநாட்டில் இரண்டு கம்பெனிகள் ஒன்றையொன்று கவிழ்க்கப் பார்க்கும் கதை. ஒரு காட்சியில், எதிராளியின் ஜூஸ் பாட்டிலில் கதாநாயகன் பல்லியைப் போட்டுவிடுகிறான். வாங்க வந்த வெள்ளைக்காரர் அதைப் பார்த்து அலறியடித்து ஓடுகிறார். தியேட்டரே குலுங்கியது. என் பிள்ளைகள் சீட்டில் ஏறி நின்று கை தட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தப் பாட்டிலில் இருந்ததை விளைவித்தவன் என்று ஒருவன் இருப்பானே, அவன் கதி என்ன ஆகும் என்று படம் எடுத்தவர்களுக்கு ஒரு நிமிடமாவது தோன்றியிருக்குமா?

பக்கத்தில் மச்சானும் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "ஏன் மாப்ள, நெசத்துலயே இப்படியெல்லாம் செய்வாய்ங்களா?" என்று கேட்டார்.

செய்வார்கள். நானே செய்திருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் ஒரு கெர்கின் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தேன். கெர்கின் என்பது குட்டி வெள்ளரிக்காய். விரல் அளவில் பறித்து, வினிகரில் ஊறவைத்து, பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். நம் ஊரில் அதைச் சமையலுக்கு வாங்க ஆள் கிடையாது, கம்பெனி எடுத்தால்தான் உண்டு. ஒரு நாள் பறிக்காமல் விட்டாலும் ஊதிப் பெருத்துவிடும், அதன்பிறகு கம்பெனியும் தொடாது. எரியோடு பக்கம் மச்சானும் கெர்கின்தான் போட்டிருந்தார். ஆனால் எங்கள் போட்டிக் கம்பெனிக்கு.

அந்த வருடம் வெளிநாட்டில் நடந்த உணவுக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். எங்கள் ஸ்டாலுக்கு எதிரிலேயே போட்டிக் கம்பெனியின் ஸ்டால். மதியம் அவர்கள் சாப்பிடப் போன சமயம், எங்கள் மேனேஜர் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். உள்ளே செத்த பூச்சிகள். ஊரிலிருந்தே பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்! "யாராச்சும் வந்தா செருமு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களுடைய சாம்பிள் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். சாயங்காலம் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், போய்விட்டார். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஊர் திரும்பி அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. கண்காட்சிக்கென்று அந்தக் கம்பெனி பொறுக்கியெடுத்துப் போனது மச்சான் தோட்டத்துக் காயை! "நம்ம காய் ஏரோப்ளேன்ல போகுது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். இப்போது, அவர் காயில் பூச்சி இருந்ததால்தான் ஆர்டர் போனது என்று கம்பெனி காய் எடுக்க வரும் வேனை நிறுத்திவிட்டது. அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே. கொடிகளில் காய்கள் ஊதிப் பெருத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு ஊரில் அவருக்கு 'பூச்சிக்காய்க்காரர்' என்றே பெயர். மனுஷன் கெர்கினை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறினார். நான் வேலையை விட்டேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

இடைவேளையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பாப்கார்ன் வரிசைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப என் காய்ல பூச்சி இல்லயா?"

"இல்ல மச்சான்."

"நாந்தான் மருந்து சரியா அடிக்கலயோன்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்டா." கண் சிவந்துவிட்டது அவருக்கு. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஊருக்குள்ள வந்து சொல்லு."

மறுநாள் காலை அவர்கள் ஊர் பால் சொசைட்டிக்குப் போனேன். பால் ஊற்ற வந்த எல்லோர் முன்னாலும் சொன்னேன். கேனோடு நின்ற ஓர் அம்மா, "பாவி! ஒரு குத்தமும் செய்யாத மனுசன எங்க வாயால இம்புட்டு நாளா பேச வச்சுட்டியே" என்று கத்தினார். நான் தலை நிமிரவில்லை. மச்சான் பாலை ஊற்றிவிட்டு நடந்தார். இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த மேனேஜர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறாராம். நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அவர் பூச்சியைப் போட்டது ஒரே ஒரு நாள். மூன்று வருடம் மச்சான் வீட்டில் உட்கார்ந்து, அவர் பக்கத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தவன் நான்.